சுற்றறிக்கையால் வராத உதவி

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலைப் பெருமக்களே, வணக்கம்.

பணியிடத்தில் ஒருவருக்கொருவர் உதவும் வழக்கத்தை வளர்ப்பது தலைவரின் உண்மைத்தன்மையா, நிறுவனத்தின் விதிகளும் வெகுமதிகளுமா என்பது இன்றைய வழக்கு. உதவியைக் கடமைப் பட்டியலில் எழுதிப் புள்ளி வழங்கினால் எல்லோரும் உதவுவார்கள் என்றார் எதிரணித் தலைவி. பட்டியலில் ஏறிய பிறகு அதற்குப் பெயர் உதவியா, நடுவர் அவர்களே? 1988 இல் முகாமைத்துவ ஆய்வாளர் டெனிஸ் ஓர்கன் இத்தகைய நடத்தைக்கு வரைவிலக்கணம் வகுத்தபோதே, அது ஊழியர் தம் விருப்பால் செய்வது, முறையான வெகுமதித் திட்டம் நேரடியாகக் கணக்கில் எடுக்காதது என்று கூறிவிட்டார்.

உதவி, கொடுப்பவரிடம் அல்ல, கேட்பவரிடமே தொடங்குகிறது என்பது என் வாதம். கேட்பதென்றால் 'எனக்கு இது தெரியவில்லை' என்று நாலு பேர் முன் சொல்ல வேண்டும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு கந்தோரில், பிழைவிட்டவரின் பெயரைக் கூட்டத்தில் உரக்க வாசிக்கும் தலைவர் ஒருவர் இருந்தார். புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி, கணக்கு ஒத்துவராத பற்றுச்சீட்டுகளை லாச்சிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதைக் கண்டும் பேசாதிருந்த எதிர்மேசைக்காரன் நான்தான். உதவப் போனால் பிழையில் எனக்கும் பங்கு வந்துவிடுமென்று அஞ்சினேன். அடுத்து வந்த தலைவியோ, இரண்டாவது கிழமையே கோப்புடன் எங்கள் நடுவில் வந்து நின்று, "நான் கையொப்பமிட்ட பட்டியலில் இரண்டு பேருடைய மேலதிகநேரக் கொடுப்பனவு விடுபட்டுவிட்டது. பிழை என்னுடையது. திருத்தும் முறை எனக்கு வடிவாகத் தெரியாது, யாராவது சொல்லித் தாருங்கள்" என்றார். மூத்த எழுதுவினைஞர் எழுந்து தம் கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டார். அன்று பின்னேரம் அந்த லாச்சி திறந்தது.

தன்னை அறிதல், உறவில் ஒளிவுமறைவின்மை, மாற்றுக் கருத்தையும் நடுநிலையாக எடைபோடுதல், உள்ளிருந்து எழும் அறநெறி என, 2008 இல் வலும்பாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் உண்மைத் தலைமைக்கு நான்கு கூறுகளை வகுத்தார்கள். நான்கிலும் இரண்டாவதே உதவிக்கு வாசல் என்பேன். உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்களைக் கேளுங்கள்: மீன் விற்ற விலையை மறைக்கும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் எண்ணிக்கொண்டு இழுப்பார்கள், விலையை எல்லோர் காதிலும் விழச் சொல்பவரின் வலையிலோ, களைத்தவனின் கயிற்றை அடுத்தவன் கேளாமலே பற்றிக்கொள்வான்.

தலைவர் மாறினால் எல்லாம் போய்விடும், விதிதான் நிலைக்கும் என்றும் எதிரணி சொன்னது. அந்தத் தலைவி இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். போன மாதம் அந்தக் கந்தோருக்குப் போயிருந்தேன். புதிதாக வந்த பொடியன் ஒருவன் பற்றுச்சீட்டுக் கட்டுடன் விழித்துக்கொண்டிருந்தான். "தம்பி, நானும் இதிலேதான் பிழைவிட்டனான், கொண்டு வா பார்ப்போம்" என்று கதிரையை இழுத்துப் போட்டவள் அந்தத் தங்கச்சி.