ஆசிரியர் நாற்காலியில் யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஷாங்காயில் 1915 முதல் 1931 வரை வந்த 'ஃபூனியு ஸாஜி', அதாவது 'பெண்கள் இதழ்', பெண்களின் குரலா, ஆண்கள் நடத்திய வகுப்பா என்பது தலைப்பு. எதிரணிச் சகோதரி, "பதினேழு வருஷம் நடந்தது, விவாகரத்துக்கே தனி இதழ் போட்டது, குரல் இல்லாமலா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் யோசனை வந்தது.

பத்திரிகையை நடத்தியது கமர்ஷியல் பிரஸ் என்ற பெரிய பதிப்பகம். முதல் ஆசிரியர் வாங் யுன்ஜாங், ஓர் ஆண். நல்ல மனைவியாக, நல்ல தாயாக இருப்பது எப்படி என்பதுதான் அப்போதைய பாடம். 1916இல் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ஹூ பின்ஷியா என்ற பெண்ணின் பெயர் ஆசிரியர் என்று அச்சானது. சகோதரி இதைச் சொல்லாமல் விட்டாரே என்று பார்த்தேன். சொல்லியிருந்தால் மாட்டியிருப்பார். பெயர்தான் அம்மையாருடையது, வேலையைப் பார்த்தவர் பெரும்பாலும் அதே வாங். போர்டில் மனைவி பெயர், கல்லாவில் கணவர்!

சரி, 1921இல் ஜாங் ஷிசென் வந்தார், பத்திரிகை முற்போக்கானது. ஒப்புக்கொள்கிறேன். 1922 ஏப்ரலில் வந்த விவாகரத்துச் சிறப்பிதழை மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் 1925 ஜனவரியில் 'புதிய பாலியல் ஒழுக்கம்' என்று ஒரு சிறப்பிதழ். எழுதியவர்கள் ஜாங்கும், எழுத்தாளர் லூ சுன்னின் தம்பி ஜோ ஜியான்ரெனும். எதிர்த்துச் சண்டைக்கு வந்தவர் பெய்ஜிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் சென் தாச்சி. பயந்துபோன பதிப்பகம் ஜாங்கை அந்த நாற்காலியிலிருந்து நகர்த்தி, தூ ஜியுதியனை உட்கார வைத்தது. எண்ணிப் பாருங்கள் நடுவரே: எழுதியவர், எதிர்த்தவர், இறக்கப்பட்டவர், ஏற்றப்பட்டவர் எல்லோரும் ஆண்கள். பஞ்சாயத்து மட்டும் பெண்ணின் ஒழுக்கம் பற்றி.

லூ சுன்னுக்கு இன்னொரு தம்பி, ஜோ ஜுவோரென். அவர் இருபது வருஷம் முன்பே வேறொரு பெண்கள் பத்திரிகையில் 'பிங்யுன் அம்மையார்' என்று பெண் பெயரிலேயே எழுதியவர். ஒரு தம்பி பெண்ணுக்காகப் பேசினார், இன்னொரு தம்பி பெண்ணாகவே பேசிவிட்டார்!

பெண் ஆசிரியர் கிடைக்காத காலமா? 1931இல் அதே ஷாங்காயில் 'லிங்லோங்' என்று உள்ளங்கை அளவில் ஒரு வார இதழ் வந்தது. அதில் பெண்கள் பகுதியைக் கவனித்தவர் சென் ஜென்லிங் என்ற பெண்.

மணி அடித்துவிட்டது, ஒன்றே ஒன்று. 1923இல் 'பெண்கள் இதழ்' வாசகர்களிடம், "உங்கள் மனதுக்கேற்ற துணை எப்படி இருக்க வேண்டும்?" என்று எழுதிக் கேட்டது. பதில்கள் குவிந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். படித்த பெண் வேண்டும், குணமான பெண் வேண்டும் என்று அவரவர் பட்டியல். சகோதரி, இதில் நீங்கள் கேட்ட பெண் குரல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?