ஒரு கூடமும் இரண்டு கதவுகளும்: கே. பாலசந்தர்
(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, குறும்படம் எடுக்கத் துடிக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

கோலாலம்பூருக்குப் போனால்தான் படம் எடுக்க முடியும், தோட்டப்புறத்தில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அதனால்தான் இன்று இயக்குநர் கே. பாலசந்தரைப் பற்றிப் பேச வந்தேன். 1975-இல் ரஜினிகாந்தை அறிமுகப்படுத்தியவர் என்பதோடு நம் ஊரில் அவரைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது. அது போதாது.

1930-இல் நன்னிலத்துப் பக்கம் பிறந்தவர். சென்னையில் ஏ.ஜி. ஆபீஸ் என்னும் அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ஊழியர். பகலில் கோப்பு, மாலையில் நாடக ஒத்திகை. நாடக மேடையில் மலையும் இல்லை, கடலும் இல்லை. ஒரு கூடம், இரண்டு கதவுகள், நான்கைந்து மனிதர்கள். யார் எந்தக் கதவைத் திறந்துகொண்டு எப்போது வருகிறார் என்பதில்தான் கதை நகர வேண்டும். அந்தப் பயிற்சியைத்தான் அவர் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். 1965-இல் இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’ பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. சிரிக்க வைப்பவர் என்று மக்கள் நினைத்த நாகேஷ்தான் அதன் நாயகன்.

1968-இல் ‘எதிர்நீச்சல்’. பல குடித்தனங்கள் உள்ள ஒரே வீடு. மாடிப்படிக்குக் கீழே தங்கி, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டே படிக்கிறான் ஓர் அனாதை இளைஞன். ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் சண்டையைக் கேட்டபடியே சோறு உண்டவர்கள் நாம். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் வெறும் கஞ்சி என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும். இத்தனை கதைகளையும் வைத்துக்கொண்டு எடுக்க ஒன்றுமில்லை என்கிறீர்களே!

என் மனத்துக்கு நெருக்கமானது 1974-இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’. குடும்பம் முழுவதையும் தன் சம்பளத்தில் தாங்கும் கவிதாவாக சுஜாதா நடித்தார். அவள் தெய்வம் அல்லள். எரிந்து விழுவாள், கணக்குக் கேட்பாள், கடுமையாகப் பேசுவாள். அதே எழுபதுகளில்தான் நம் பெண் பிள்ளைகள் ரப்பர் பால்மரக் காட்டைவிட்டு பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். அக்காவின் சம்பளத்தில் தம்பிகள் படித்த வீடுகள் இந்த மண்டபத்தைச் சுற்றி எத்தனை! அந்த அக்காவின் கோபத்தை நாம் இன்னும் படமாக்கவில்லை. கவிதாவைக் கடைசியில் மறுபடியும் அதே சுமைக்குள் பாலசந்தர் அனுப்பியதில் எனக்கு ஆதங்கம் உண்டு. வேறு முடிவை நீங்கள் எழுதுங்கள்.

பிறகு தொலைக்காட்சி. பெரிய திரையில் புகழ் பெற்ற பின்னும் சின்னத்திரையை அவர் தாழ்வாக நினைக்கவில்லை. ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’ என்று தொடர்கள் எடுத்தார். 1985-இல் வந்த தம் ‘சிந்து பைரவி’யின் கதையை 2003-இல் ‘சஹானா’ தொடரில் நீட்டித்தார். தொலைக்காட்சிக்கும் வேண்டியது கூடமும் முகங்களும்தானே! மேடையில் கற்றது அங்கேயும் கைகொடுத்தது. 2010-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்றார். 2014 டிசம்பரில் மறைந்தார்.

தம்பிகளே, தங்கைகளே, கேமரா வாங்கப் பணம் சேரும்வரை காத்திருக்காதீர்கள். கோயில் திருவிழாவுக்குப் போடும் மேடையில் இந்த ஆண்டு ஆடல் பாடலுக்கு நடுவே ஒரு மணி நேரத்தை நாடகத்துக்குக் கேட்டு வாங்குங்கள். ஒரே வீடு, ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். எழுதி முடித்ததும் சொல்லுங்கள், ஒத்திகைக்கு நானும் வருகிறேன்.