9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி: டிவி ஏன் தோற்றது?

[திரையில்: ஒரு ஸ்டீல் தட்டு. அதில் இரண்டு இட்லி. எதிரே சொம்பில் சாய்த்து வைத்த செல்போன்.]

இந்தப் படம் எங்கே எடுத்தது என்று நான் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டில் எடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இது என் தங்கை வீட்டுச் சமையலறை. அவள் மகனுக்கு இரண்டரை வயது. செல்போனில் யானை ஆடுகிறது, அவன் வாய் திறக்கிறது, இட்லி உள்ளே போகிறது. யானை, வாய், இட்லி. யானை, வாய், இட்லி. நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. யாரோ ஒருவர் வந்து வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டார். பையனின் வாய் மூடிக்கொண்டது. சாம்பாரில் தோய்ந்த துண்டோடு தங்கையின் வலது கை அந்தரத்தில் நின்றது. ஐந்து நொடி பொறுத்து, இடது கைச் சுண்டுவிரலால் விளம்பரத்தைத் தள்ளினாள். யானை வந்தது. வாய் திறந்தது.

அன்று எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. இட்லி ஊட்டுவது தங்கையா, யானையா?

வணக்கம். இன்றைய விஷயம் சின்னக் குழந்தைகளின் திரை நேரம். உடனே வீடியோவை மூடிவிடாதீர்கள். உங்களைத் திட்ட நான் வரவில்லை. அந்த வேலைக்கு மாமியாரும் எதிர்வீட்டு அக்காவும் ஏற்கெனவே இருக்கிறார்கள். இன்னொன்று, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கிறீர்கள் என்றால் போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். என் சேனலுக்குப் பார்வையாளர்கள் வேண்டும்தான், ஆனால் அவ்வளவு சிறிய வயதில் வேண்டாம்.

முதலில் விதிமுறைகள். இது சலிப்பான பகுதி, ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான ஐஏபியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு தருகிறது. 2024-இல் ஸ்வீடன் அரசும் இதே பாதையில் வந்தது. அவ்வளவுதான், முடிந்தது.

எண்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் பின்பற்றுவதில்லை. ஏன் என்றால் காரணம் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் அது வேகத்தடை இல்லாத ரோட்டில் வைத்த "மெதுவாகச் செல்லவும்" பலகைதான். எனக்குக் காரணம் புரிந்தது ஒரு பரிசோதனையைப் படித்த பிறகு. இன்றைய வீடியோவை எடுப்பதே அதைச் சொல்லத்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: உலக வரைபடம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில்.]

2003-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு. நடத்தியவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா கூல். பெயர் வாஷிங்டன் என்றாலும் பல்கலைக்கழகம் இருப்பது தலைநகரில் இல்லை, சியாட்டிலில். அவர் எடுத்துக்கொண்டவர்கள் 9 மாதக் குழந்தைகள். எல்லாரும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், சீன மொழியை அதுவரை கேட்டதே இல்லாதவர்கள்.

ஏன் 9 மாதம்? இங்கேதான் சுவாரசியம். பிறந்த சில மாதங்களுக்கு ஒரு குழந்தை உலகத்தின் எந்த மொழி ஒலியையும் பிரித்துக் கேட்கும். நம் ல, ள, ழ மூன்றையும் ஜப்பானில் பிறந்த குழந்தைக்குக் கேட்கவைத்தாலும் வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டு. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் அந்தக் கடை மெல்லச் சாத்தப்படுகிறது. வீட்டில் புழங்கும் ஒலிகளுக்குக் காது கூர்மையாகிறது, மற்றவை மங்குகின்றன. நாற்பது வயதில் ழகரம் கற்றுக்கொள்ள முயலும் வெளிநாட்டு நண்பரைக் கேட்டுப்பாருங்கள், கடை சாத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லுவார். (ழகரம் வராத உள்நாட்டு நண்பர்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம், கருத்துப் பெட்டியில் சண்டை வந்துவிடும்.)

ஆக, கடை சாத்தும் நேரத்தில் அந்தக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் காட்டினார்கள். சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நேரில் வந்து தரையில் உட்கார்ந்து, பொம்மைகளை எடுத்து விளையாடி, படப் புத்தகம் காட்டிப் பேசினார்கள். ஒரு தடவைக்கு 25 நிமிடம், மொத்தம் 12 தடவை. கூட்டிப் பார்த்தால் வெறும் 5 மணி நேரம்!

பிறகு சோதனை. சீன மொழியில் இரண்டு ஒலிகள் உண்டு. ஏறக்குறைய ஒன்று "சி", மற்றது "ச்சி" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே "ச" என்ற எழுத்தை வைத்துக்கொண்டு சட்டை என்றும் பச்சை என்றும் காலம் தள்ளுகிற நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. சீனர்களுக்கு அது வேறு, இது வேறு. ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால் பக்கத்தில் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். ஒலி மாறியது குழந்தைக்குத் தெரிந்தால் தலை திரும்பும், தெரியாவிட்டால் திரும்பாது. பேசத் தெரியாத ஆளிடம் தேர்வு நடத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முடிவு என்ன தெரியுமா? 5 மணி நேரம் விளையாடிய அமெரிக்கக் குழந்தைகள், பிறந்ததிலிருந்து சீன மொழியைக் கேட்டு வளர்ந்த தைவான் குழந்தைகளுக்குச் சமமாகத் தேறினார்கள்.

[மூன்று நொடி மௌனம்.]

ஆனால் நான் இதைச் சொல்ல வந்ததே அடுத்த பகுதிக்காகத்தான். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே புத்தகங்கள், அதே பொம்மைகள், அதே 12 தடவை. ஒரே ஒரு வித்தியாசம்: எல்லாம் டிவி திரையில். மூன்றாவது குழுவுக்குக் குரல் மட்டும். இந்த இரண்டு குழுக்களும் எவ்வளவு கற்றுக்கொண்டன? கொஞ்சம்? பாதி? ஒன்றுமே இல்லை. சீன மொழியைக் கேட்காத குழந்தைகள் எப்படி இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள். அத்தனைக்கும் திரையை அவர்கள் ஆர்வமாகத்தான் பார்த்தார்கள். "எங்கள் பாப்பா கண் கொட்டாமல் பார்க்கிறாள், எவ்வளவு கவனம் பாருங்கள்" என்கிறோமே, அதே கவனம்தான். கவனம் இருந்தது, கற்றல் இல்லை.

நேரில் இருந்தவரிடம் அப்படி என்ன இருந்தது? குழந்தை பொம்மையைப் பார்த்தால் அவரும் பார்த்தார். குழந்தை சிரித்தால் சிரித்தார். "ஆ" என்றால் பதிலுக்கு ஏதோ சொன்னார். டிவியில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் குழந்தை தும்மினால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இதை இன்னும் அழகாகக் காட்டியது 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு. இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களை மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: நேரில், வீடியோ அழைப்பில், பதிவு செய்த வீடியோவில். அந்தப் பதிவு வீடியோவில் ஒரு குறும்பு இருந்தது. அது வேறொரு குழந்தையோடு நடந்த அழைப்பின் பதிவு. திரையில் இருப்பவர் சிரிக்கிறார், கேள்வி கேட்கிறார், ஆனால் இந்தக் குழந்தையைக் கேட்கவில்லை. நேரிலும் வீடியோ அழைப்பிலும் குழந்தைகள் சொற்களைக் கற்றார்கள். பதிவில் கற்கவில்லை. அழைப்பிலும் பதிவிலும் திரையின் கண்ணாடியும் வெளிச்சமும் ஒன்றுதான். மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. எனவே துபாயில் வேலை பார்க்கும் அப்பாவோடு தினமும் வீடியோவில் கொஞ்சுகிற குழந்தையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அதை நான் திரை நேரக் கணக்கிலேயே எழுத மாட்டேன்.

சரி, குழந்தை டிவி பார்க்கவில்லை, டிவி சும்மா ஓடுகிறது, அதில் என்ன? அதையும் ஆய்வாளர்கள் குழந்தைகளின் உடையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி எண்ணினார்கள், அந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. டிவி ஒலித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் குழந்தையின் காதில் விழப் பேசிய சொற்கள் 770 குறைந்தன. சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை தொடர் ஓடும் வீட்டில் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கதாநாயகி அழுத சொற்கள் இதில் சேராது.

இப்போது எல்லாரும் காத்திருக்கும் கேள்வி. போனை வாங்கினால் வீடு இரண்டாகிறதே, என்ன செய்வது?

2016-இல் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வு. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோர், திரையை நிறுத்தும்போது நடந்ததை எழுதிவைத்தார்கள். "இன்னும் இரண்டு நிமிடம்தான்" என்று முன்கூட்டியே எச்சரித்தால் அழுகை குறையும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? எச்சரித்தபோது ரகளை கூடியிருந்தது! எனக்கு இதில் ஆச்சரியமில்லை. இரண்டரை வயதுக்காரனுக்கு இரண்டு நிமிடம் என்பது, "இதோ வந்துகொண்டே இருக்கிறேன்" என்று பிளம்பர் சொல்வதைப் போன்றது. அதற்குப் பொருள் இல்லை. பிடுங்கப் போகிறார்கள் என்ற சேதி மட்டும் போய்ச் சேருகிறது.

எப்போது அமைதியாக விட்டார்கள்? நிகழ்ச்சி தானாக முடிந்தபோது. பேட்டரி தீர்ந்தபோது. வைஃபை போனபோது. அம்மா நிறுத்தினால் அம்மாவோடு சண்டை போடலாம், பேட்டரியோடு யார் சண்டை போடுவது? எண்பதுகளில் கரண்ட் போனதும் தெருவுக்கு ஓடிவந்த தலைமுறை நாம், நமக்குத் தெரியாததா?

உடனே "சார்ஜ் இல்லை" என்று பொய் சொல்லக் கிளம்பாதீர்கள். நான் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது நாள் என் மகள் சார்ஜரை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். பொய் இல்லாத வழி இருக்கிறது: அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவையுங்கள். ஒன்று முடிந்தால் முடிந்ததுதான். யூடியூப் கிட்ஸில் நேரம் குறித்துவைத்தால் அதுவே பூட்டிக்கொள்ளும். கெட்ட பெயர் அதற்குப் போகட்டும். தினமும் அதே நேரம், அதே அளவு என்று பழக்கிவிட்டால் பேரம் இன்னும் குறையும்.

தட்டுக்கு முன்னால் மட்டும் போன் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதம். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியதும் வேடிக்கை காட்டித்தானே என்று ஒரு நேயர் போன வாரம் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நிலா ஆடாது. நிலாவைப் பற்றிப் பேசுவது ஊட்டுகிறவர். குழந்தை "போதும்" என்று முகத்தைத் திருப்பினால் அது அவருக்குத் தெரியும். யானையைப் பார்க்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்ததே தெரியாது.

தங்கை போன மாதம் சொம்பிலிருந்து போனை எடுத்துவிட்டாள். முதல் நாள் அரை இட்லி. இரண்டாம் நாளும் அரை இட்லி, அதில் பாதி தரையில். "பிள்ளை இளைத்துவிட்டான்" என்று அத்தை தனியாக ஒரு வழக்குத் தொடுத்தார். நான்காம் நாள் அவனே சாம்பாருக்குள் கைவிட்டான். இப்போது ஒன்றரை இட்லி, முக்கால் மணி நேரம், துவைக்க இரண்டு சட்டை. லாபமா நஷ்டமா என்று தங்கையைக் கேட்டேன். சட்டையைத் துவைத்துக்கொண்டே முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். தாத்தா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பையன் போய் டிவிக்கு முன்னால் நின்றான், ரிமோட்டை எடுத்தான், அணைத்தான்.

"தாத்தா, சார்ஜ் இல்லை."