லெசின் போட்ட கையெழுத்து

அவையோருக்கு வணக்கம். ரஷ்யாவின் முன்னாள் அமைச்சர் மிகயீல் லெசின் என்றதும் பலருக்கு நினைவு வருவது 2015 நவம்பரில் வாஷிங்டன் ஓட்டல் ஒன்றில் அவர் இறந்து கிடந்ததுதான். மிதமிஞ்சிய குடியில் தடுமாறி விழுந்ததால் நேர்ந்த விபத்து என்று அமெரிக்க அதிகாரிகள் அடுத்த ஆண்டு வழக்கை முடித்துவிட்டார்கள். இணையத்தில் இன்னும் முடியவில்லை, அது கிடக்கட்டும். நான் பேச வந்தது அவர் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி.

லெசின் விளம்பர வியாபாரி. 'வீடியோ இன்டர்நேஷனல்' நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1996இல் அதிபர் யெல்ட்சினின் தேர்தல் பிரச்சாரத்தில் வேலை பார்த்தார்; பிறகு கிரெம்ளின், அரசுத் தொலைக்காட்சி, 1999இல் பத்திரிகைத் துறை அமைச்சர். நேற்றுவரை டிவி நேரத்தை விற்றவர் கையிலேயே சேனல்களின் லைசென்ஸ்!

அப்போது என்.டி.வி. தனியார் சேனல். செச்சென் போரை அரசு விரும்பாதபடி காட்டியது; பொம்மைகளை வைத்துப் புடினையே கேலி செய்தது. 2000 ஜூனில் அதன் முதலாளி குசின்ஸ்கியை மோசடி வழக்கில் பிடித்து, மாஸ்கோவின் பழைய புத்திர்கா சிறையில் மூன்று நாள் வைத்தார்கள். ஜூலை 20ஆம் தேதி, தன் நிறுவனத்தைக் காஸ்ப்ரோமுக்கு விற்க அவர் ஒப்புக்கொண்டார். காஸ்ப்ரோம் என்பது ரஷ்ய அரசின் பிடியில் உள்ள எரிவாயுக் கம்பெனி.

அந்த ஒப்பந்தத்தின் ஆறாவது இணைப்பைப் பாருங்கள். குசின்ஸ்கி மீதான வழக்கு கைவிடப்படும், அவர் நாட்டைவிட்டுப் போகலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. வியாபாரப் பத்திரத்தில் கிரிமினல் வழக்குக்கு என்ன வேலை? எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போ என்று மிரட்டுவது எந்த ஊரிலும் உண்டு. ஆனால் மிரட்டுகிறவன் அதைக் காகிதத்தில் எழுதி வைப்பதில்லை. இங்கே எழுதியது மட்டுமா, அமைச்சர் லெசின் கையெழுத்தும் போட்டார். அந்த மாதமே வழக்கும் கைவிடப்பட்டது.

வெளிநாடு போன குசின்ஸ்கி அந்தக் காகிதத்தை வெளியிட்டார். 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சிறையை வியாபாரப் பேரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ரஷ்யாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் என்.டி.வி. கைமாறி மூன்று வருடம் ஆகிவிட்டது.

லெசினுக்கு என்ன ஆயிற்று? பிரதமர் கஸ்யானவ் பகிரங்கமாகக் கண்டித்தார், அவ்வளவுதான். 2004 வரை அமைச்சர். பிறகு அதிபரின் ஆலோசகர். வெளிநாட்டவருக்காக ரஷ்ய அரசு 2005இல் தொடங்கிய ஆர்.டி. சேனலும் அவர் யோசனையில் பிறந்ததுதான். 2013இல் ஒரு பெரிய கம்பெனிக்குத் தலைவராக்கினார்கள். எது தெரியுமா? காஸ்ப்ரோம் மீடியா. அன்றைக்கு என்.டி.வி.யை வாங்கிய அதே நிறுவனம்!