பொறுத்து வாசிப்பவருக்கே பேய் வரும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அக்கா அண்ணன்மார்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

வருணனை நிறைந்த நீண்ட திகில் நாவல், பொறுமையாக வாசிப்பவருக்குப் பலன் தருகிறதா, சோர்வைத் தருகிறதா? இதுதான் இன்றைய தலைப்பு. பலனே தருகிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "பத்துப் பக்கம் மலை, பத்துப் பக்கம் மாடிப்படி, அப்புறம் ஒரு ஜன்னல். பேய் எப்போதுதான் வரும்?" அரங்கமே கை தட்டியது. தம்பி, அந்தக் கேள்வியை உங்கள் வாயிலிருந்து வரவழைக்கத்தான் அந்த எழுத்தாளர் முப்பது பக்கம் எழுதினார். பேய் எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கியவருக்குப் பயம் ஏற்கெனவே வந்துவிட்டது. அவர் இப்போது மாடிப்படியை வெறும் மாடிப்படியாகப் பார்ப்பதில்லை. ஜன்னலைத் தாண்டும்போது அதன் தாழ்ப்பாளையும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறார்.

பயம் எங்கிருந்து வருகிறது? ஆவிகள் வருவதாகச் சீனர்கள் நம்பும் ஏழாம் மாதத்தில், நம் சிங்கப்பூர் புளோக்குகளுக்குப் பக்கத்துத் திடலில் கெத்தாய் என்ற கலைநிகழ்ச்சிக்கு மேடை போடுவார்கள். பாட்டு, ஆட்டம், வண்ண விளக்கு எல்லாம் இருக்கும். முன்வரிசை நாற்காலிகள் மட்டும் காலியாக இருக்கும். ஊருக்குப் புதியவர் ஒருவர், "இடம் இருக்கிறதே" என்று அங்கே உட்காரப் போவார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் அந்த வரிசையில் கைப்பையைக்கூட வைக்க மாட்டார். அது யாருக்காக விடப்பட்ட இடம் என்று அவருக்குத் தெரியும். அதே நாற்காலிதான், ஒருவருக்கு அது காலி, இன்னொருவருக்கு அதில் ஆள் இருக்கிறது. திகில் நாவலின் வருணனை செய்வதும் இதைத்தான். வெளியூரிலிருந்து வந்த வாசகரை அது அந்த ஊர்க்காரராக ஆக்குகிறது. ஊர்க்காரருக்குத்தான் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரியும்.

இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று எதிரணித் தலைவி அம்மா சொன்னார்கள். அம்மா, மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். ஆறாவது காதை, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. மணிமேகலா தெய்வம் ஒரு சுடுகாட்டைப் பற்றிச் சொல்கிறது. எடுத்த எடுப்பில் பேயைக் காட்டவில்லை. முதலில் மதில், பிறகு நான்கு வாயில்கள், பிறகு காளி கோயில். இறந்தவர்களுக்காகச் செங்கல்லால் எழுப்பிய சின்னங்கள், சிறிதும் பெரிதுமாக. சுடுகிறவர்கள், புதைக்கிறவர்கள், தாழியில் வைத்துக் கவிக்கிறவர்கள். எந்தெந்த மரம் எங்கே நிற்கிறது, எந்தப் பறவை எதில் அடைகிறது, பறை ஒலி எது, நரி ஊளை எது, ஆந்தை அலறல் எது. சாத்தனார் நம்மைக் கையைப் பிடித்து அந்த இடம் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் சார்ங்கலன் என்ற இளைஞன் வருகிறான். தனியாக, வழி தெரியாமல், அந்த வாயிலுக்குள் கால் வைக்கிறான். அவன் இன்னும் எதையும் பார்க்கவில்லை. ஆனால் நமக்கு அடிவயிறு கலங்குகிறது, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நரியும் நாயும் பருந்தும் தின்றுகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் உடல். அந்தத் தலையைக் கையில் ஏந்தி ஆடுகிறது ஒரு பேய். சார்ங்கலன் ஓடுகிறான். வீட்டுக்குப் போய், "பேய்க்கு உயிர் கொடுத்தேன் அம்மா" என்று தாயின் முன்னால் விழுந்து சாகிறான். அவன் கதை முடிய அதிக வரிகள் ஆகவில்லை. அந்தச் சில வரிகளை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால், "சுடுகாட்டில் இளைஞர் அதிர்ச்சி மரணம்" என்று ஒரு செய்தி கிடைக்கும். நடுங்க வைப்பது அதற்கு முன் நாம் நடந்த நடை.

கலிங்கத்துப் பரணியும் அப்படித்தான். காட்டைப் பாடி, கோயிலைப் பாடி, தேவியைப் பாடி, பேய்களைப் பாடி, கடைசிக்கு முந்தைய பகுதியில்தான் செயங்கொண்டார் போருக்கே வருகிறார். நம் முன்னோர்களுக்குப் பொறுமை இருந்தது, நடுவர் அவர்களே. அவர்கள் அதற்கான பலனையும் அனுபவித்தார்கள்.

சரி, தம்பி ஒரு நாவலை ஆதாரமாகக் காட்டினார். ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோ மர்மங்கள்', 1794-இல் வெளிவந்தது, நான்கு தொகுதி. நாயகி எமிலி கோட்டைக்குள் ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்க்கிறாள், மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று ஆசிரியர் சொல்வதில்லை. கடைசியில், புழுத்த பிணம் போலச் செய்த மெழுகுப் பொம்மை என்று தெரிகிறது. "இதற்காகவா நான்கு தொகுதி?" என்றார் தம்பி. மெழுகுப் பொம்மை என்ற விடை எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. ஆனால் அந்தத் திரை விலகியதற்கும் விடை தெரிந்ததற்கும் நடுவே எத்தனை நூறு பக்கங்கள்! அத்தனை பக்கமும் அந்தத் திரைக்குப் பின்னால் வாசகர் எதை எதையெல்லாம் வைத்துப் பார்த்திருப்பார்! நான் சொல்லும் பலன் விடையில் இல்லை. விடை தெரியாமல் அந்தக் கோட்டைக்குள் குடியிருந்த நாட்களில் இருக்கிறது.

இன்னொன்று. ராட்கிளிஃப் அம்மையார் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1826-இல் அவருடைய ஒரு கட்டுரை வெளிவந்தது. அச்சம் வேறு, குலைநடுக்கும் கோரம் வேறு என்கிறார். அச்சம் உள்ளத்தை விரித்து விழிக்கச் செய்கிறது, கோரம் அதைச் சுருக்கி உறையவைத்துவிடுகிறது என்பது அவர் கருத்து. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அச்சத்தை ஒன்றாகவும் அருவருப்பான இளிவரலை வேறொன்றாகவும் வைத்தாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று சொல்லி, அதில் முதலாவதாக, வருத்தும் தெய்வமாகிய அணங்கை வைத்தார். கோரத்தைக் காட்ட ஒரு பக்கம் போதும், ஒரு வரிகூடப் போதும். அணங்கு அப்படி வராது. அதற்கு ஒரு மலை வேண்டும், ஒரு சுனை வேண்டும், அந்தி வேண்டும். இடமில்லாமல் அணங்கு இல்லை.

இப்போது என் கட்சிக்கு நான் பெரிதும் நம்பும் சாட்சியைக் கூப்பிடுகிறேன். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா', 1897. மொத்தம் 27 அத்தியாயம். படம் பார்த்தே அந்தக் கதையைத் தெரிந்துகொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். கோரைப் பல், கழுத்தில் ரத்தம் என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால் என்ன கிடைக்கிறது? ஜொனாதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர் எழுதும் நாட்குறிப்பு. ரயில் தாமதமாக வந்தது, மிளகாய்த்தூள் போட்ட கோழிக்கறி சாப்பிட்டேன், தாகமெடுத்தது, மணக்கப்போகும் மீனாவுக்காகச் செய்முறை கேட்டு வாங்க வேண்டும். பேய்க்கதையில் சமையல் குறிப்பா என்று எதிரணிக்காரர் புத்தகத்தை மூடியிருப்பார்.

பொறுத்தவருக்கு என்ன ஆகிறது? ஹார்க்கர் டிராகுலா பிரபுவின் கோட்டைக்கு வருகிறார். மேசையில் பொரித்த கோழி, பாலாடைக்கட்டி, சாலட், பழைய ஒயின். பாத்திரமெல்லாம் தங்கம். திரைச்சீலைகள் விலை உயர்ந்தவை. படுக்கை விரித்துத் தயாராக இருக்கிறது. எல்லாவற்றையும் மனிதர் உட்கார்ந்து எழுதுகிறார். எந்த அறையிலும் கண்ணாடி இல்லை என்பதையும் எழுதுகிறார். வேலைக்காரர் ஒருவரையும் காணோம் என்றும் எழுதுகிறார். வாசகருக்கு அது ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு நாள் ஹார்க்கர் தன் அறைக்குப் போகிறார். அங்கே பிரபுவே படுக்கையை விரித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கதவின் கீல் இடுக்கு வழியாகப் பார்த்தால், அதே பிரபு உணவு மேசையைத் தயார் செய்கிறார். அவ்வளவுதான் காட்சி. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஒரு பணக்காரக் கிழவர் தட்டு எடுத்து வைக்கிறார். ஆனால் அத்தனை பக்கம் சாப்பாட்டையும் படுக்கையையும் பொறுமையாக வாசித்தவருக்கு, முதுகுத்தண்டு சில்லிடும் இடம் அதுதான். அந்தக் கோட்டையில் வேறு யாருமே இல்லை! அப்படியானால் ஹார்க்கர் கோட்டைக்கு வந்த அன்று இரவு வண்டி ஓட்டி வந்தது யார்? ஓநாய்களைக் கையசைத்தே விரட்டிய அந்த வண்டிக்காரர் யார்? ஹார்க்கர் அதை எழுதி முடிக்கும் முன்பே வாசகர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். தானே கண்டுபிடித்த பயத்துக்கு ஈடாக ஒரு பயம் கிடையாது, நடுவர் அவர்களே. தாவிப் படித்தவருக்கு அது கிடைக்காது. தட்டு அடுக்கும் கிழவரைப் பார்த்து, "இதில் என்ன இருக்கிறது" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

நான்காம் அத்தியாயத்தோடு கோட்டை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் பிரபு நேரில் தலைகாட்டுவது சில இடங்களில்தான். இருந்தும் மீதிப் புத்தகம் முழுக்க ஒவ்வொரு ஜன்னலிலும் அவர் இருக்கிறார். அந்த நான்கு அத்தியாயமும் போட்ட அடித்தளம் அது.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நீண்ட நாவல் எல்லாமே நல்ல நாவல் என்று நான் வாதிடவில்லை. பக்கத்தை நிரப்புவதற்காகவே நிலவையும் மூடுபனியையும் எழுதுகிறவர்கள் உண்டு. அதே மூடுபனி ஐந்தாவது தடவையும் அதே சொற்களில் வந்தால், தாராளமாக மூடி வைத்துவிடுங்கள். அந்தப் புத்தகத்துக்காக நான் வாதாட மாட்டேன். வருணனையை எடுத்துவிட்டாலும் பயம் அப்படியே நிற்கிறதென்றால் அந்த வருணனை வீண். எடுத்தவுடன் பயமும் சேர்ந்து சரிகிறதென்றால், அதுதான் கதையின் எலும்பு. இதைக் கண்டுபிடிக்கவும் கொஞ்ச தூரம் பொறுமையாக வாசித்துத்தான் ஆக வேண்டும்.

"சிங்கப்பூரில் யாருக்கு ஐயா நேரம் இருக்கிறது?" என்று கேட்டார்கள். நேரம் இல்லை என்பது உண்மை, வேலையும் பிள்ளைகளின் படிப்பும் நம்மை விடுவதில்லை. ஆனால் ஜூரோங் ஈஸ்டிலிருந்து பாசிர் ரிஸ் வரை எம்ஆர்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகிறதே. நூலகம் ஒரு புத்தகத்துக்கு 21 நாள் தருகிறது, வேண்டுமானால் நீட்டித்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் முடிக்க முடியாததை ஏன் குறையாகப் பார்க்கிறீர்கள்? சிறுகதை கொடுக்கும் பயம் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடும். நீண்ட நாவல் உங்களோடு வீட்டுக்கு வரும். மூன்று வாரம் உங்களோடு சாப்பிட்டு, உங்களோடு தூங்கும். அலுவலகக் கூட்டத்தின் நடுவில், "அந்தப் பூட்டிய அறையை இன்னும் திறக்கவில்லையே" என்று திடீரென்று ஞாபகம் வரும். வாசிக்காத நேரத்திலும் வேலை செய்கிற பயத்தை வேறு எந்த வடிவம் தருகிறது?

படம் தருகிறது என்றார்கள் தலைவி அம்மா. ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' நாவலைச் சொல்லி, ஸ்டான்லி குப்ரிக் 1980-இல் அதையே சில மணி நேரத்தில் முடித்துக் காட்டவில்லையா என்று கேட்டார்கள். அது பெரிய படம், நானும் வணங்குகிறேன். ஆனால் 1977-இல் வந்த நாவலில் அந்த மலை ஓட்டலின் நிலவறையில் ஒரு பழைய கொதிகலன் இருக்கிறது. அதன் அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போகும், ஆள் போய்க் குறைத்துவிட வேண்டும். ஆரம்பத்திலேயே இதை விலாவாரியாகச் சொல்லிவிடுகிறார் கிங். அவசரக்காரர் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் பேயைத் தேடிப் போவார். பொறுமைசாலி, ஓட்டலைப் பார்த்துக்கொள்ள வந்த ஜாக் டோரன்ஸ் ஒவ்வொரு முறை நிதானம் இழக்கும்போதும் அந்த அளவுமானி முள்ளை நினைத்துக்கொள்கிறார். கடைசியில் ஓட்டலைப் பிடித்திருக்கும் சக்திக்கே அது மறந்துபோகிறது. ஜாக்கின் ஐந்து வயது மகன் டேனிக்கு நினைவிருக்கிறது. பொறுமையாக வாசித்தவருக்கும் நினைவிருக்கிறது. படத்தில் அந்தக் கொதிகலன் வெடிப்பதே இல்லை. முடிவு வேறு, வெளியே பனியில் நடக்கிறது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். கொதிகலனைப் பற்றிய அந்தப் பக்கங்களை "அலுப்பு" என்று கிழித்துவிட்டால், அந்தச் சிறுவன் தப்பிக்கும் நேரத்தில் வாசகரின் நெஞ்சு எதற்காக அடித்துக்கொள்ளும்? மணி அடித்துவிட்டது. பதிலைக் கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.