செல்போன் விதியை யார் எழுதுவது?

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, வேலைநாளிலும் அரங்கை நிறைத்திருக்கும் பெற்றோர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றே கேட்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய அம்மையார், வகுப்பில் செல்போனால் ஆசிரியர்கள் படும் பாட்டைச் சொன்னார்கள். அதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. அவர்களுக்கு என் தனி நன்றி.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்: போனைப் பறிமுதல் செய்வது, அதைத் திறந்து பார்ப்பது, பள்ளி கொடுக்கும் மடிக்கணினியில் நடக்கும் கண்காணிப்பு.

பறிமுதலில் எனக்குச் சண்டையில்லை. பாட நேரத்தில் போன் வேண்டாம்தான். பிரான்ஸ் 2018-லேயே இதற்குச் சட்டம் போட்டது. சரி, வாங்கி வையுங்கள், மாலையில் திருப்பிக் கொடுங்கள். ஆனால் வாங்கிய கையோடு கடவுச்சொல்லைக் கேட்டு வாட்ஸ்அப்பைப் புரட்டுகிறார்களே, அதை எப்படி ஏற்பது? அந்தப் போனில் அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட் இருக்கும், அப்பாவின் கடன் பேச்சு இருக்கும், தோழி அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவு இருக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் யாரும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. பள்ளி வாசலோடு அது நின்றுவிடும் என்று எங்கேயும் எழுதவில்லை.

இப்போது சொல்லப்போவதைப் பெற்றோர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வசதியான ஒரு பள்ளி நிர்வாகம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது, வீட்டுக்கும் கொண்டுபோகலாம், எல்லோருக்கும் சந்தோஷம். 2009 நவம்பரில் ஒரு பையனைத் துணை முதல்வர் கூப்பிட்டு, நீ வீட்டில் தகாத காரியம் செய்கிறாய் என்று ஒரு படத்தைக் காட்டியதாக அந்தக் குடும்பம் வழக்குப் போட்டது. படம் எங்கே எடுத்தது? அவன் அறையில், பள்ளி கொடுத்த அதே கணினியின் கேமராவில்! கையில் இருந்தது போதை மாத்திரை என்று நினைத்திருக்கிறார்கள், பையனோ அது மிட்டாய் என்றான். அவன் தூங்கும்போது எடுத்த படங்களும் இருந்தன. தூரத்திலிருந்தே கேமராவை இயக்கும் அந்த வசதி தொலைந்த கணினியைக் கண்டுபிடிக்கத்தான் என்றது நிர்வாகம், தோண்டிப் பார்த்தால் கேமராப் படமும் கணினித் திரையைப் பிடித்த படமுமாக 50 ஆயிரத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. கேமரா பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கியதைப் பிள்ளைகள் பார்த்துக் கேட்டபோது, ஏதோ கோளாறு என்று பதில் வந்ததாம். கடைசியில் 2010-ல் 6,10,000 டாலருக்குச் சமரசம் ஆனது. தொலைந்துபோகும் நாலு கணினிக்காக இத்தனை வீட்டுக்குள் எட்டிப்பார்த்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது இதுதான்.

இதில் என்னை உறுத்துவது வேறு. விஷயம் வெளிவருவதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பே, மாணவர் மன்றத்தைச் சேர்ந்த இருவர் முதல்வரை இரண்டு முறை பார்த்து, இப்படிக் கண்காணிக்க முடியுமென்றால் மாணவர்களுக்கு முறையாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விதி எழுதும் குழுவில் அந்த இருவருக்கும் நாற்காலி இருந்திருந்தால் அது கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கும், யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டியிருக்கும்.

அதைத்தான் நாங்கள் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு பள்ளியிலும் போன், கணினி விதிகளை எழுதும் குழுவில் மாணவர்களே தேர்ந்தெடுத்த இருவர் உட்கார வேண்டும், பேருக்கு அல்ல, வாக்குரிமையோடு. அதே உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்துக்கு உரிய மதிப்பு தரச் சொல்கிறது. தலைமையாசிரியர்கள் மேடையில் இருக்கும்போதே பணிவோடு கேட்கிறேன்: வரும் கல்வியாண்டின் கையேடு அச்சுக்குப் போவதற்கு முன் இதைச் செய்ய முடியுமா?

மனுவின் படிகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. மாணவர்களுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம், பதினெட்டு வயது ஆகவில்லை என்று ஒதுங்காமல் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கு நன்றி, வணக்கம்.