பச்சை விளக்குக்கு முன்னால்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் டிராக் (drag) பந்தயங்களில் ஓடவரும் வண்டிகளைச் சோதித்து உள்ளே அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சம்பளம் கிடையாது. காலை ஆறு மணிக்கு வந்து, வெயில் சாயும்வரை நின்று, வண்டி வண்டியாகக் குனிந்து பார்க்கிற வேலை. நேராக ஒரு பாதை, பக்கத்துக்கு ஒரு வண்டி, கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். சில இடங்களில் அதில் பாதி, 201 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்பதுதான் போட்டி. நல்ல வண்டி பன்னிரண்டு விநாடிகளில் ஓடி முடித்துவிடும். அந்தப் பன்னிரண்டு விநாடிகளுக்காக ஒரு நாள் முழுக்க எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் பந்தயம் முறைப்படி வளர்ந்தது விமான ஓடுபாதைகளில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், விமானங்கள் போய்விட்ட ஓடுபாதைகள் உலகெங்கும் சும்மா கிடந்தன. கலிபோர்னியாவில் சான்டா ஆனா என்ற ஊரில், 1950-ல் ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் முறையான டிராக் பந்தயங்களைத் தொடங்கினார்கள். அதுவரை இளைஞர்கள் பலர் பொதுச் சாலைகளில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் சான்டா பாட் பந்தயக் களமும் போர்க்கால விமானத் தளம்தான். 1966 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. நமக்கும் இதே கதை உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த போர்க்கால ஓடுபாதையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அந்த அமைப்பின் சொந்தக் களம் திறக்கப்பட்டது. தேசிய அளவிலான மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன.

இனி என் மேஜைக்கு வருகிறேன். பதிவு செய்துகொண்டவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். நான் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல. ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகி விட்டுவிடச் சொல்வேன். கைப்பிடி 'டக்'கென்று தானாகத் திரும்பி மூடிக்கொள்ள வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் அந்த வண்டி ஓடக் கூடாது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு விநாடியில் 44 மீட்டர் கடந்துவிடுகிறார். அந்த வேகத்தில் கேபிள் சிக்கிக்கொண்டால் யோசிக்க நேரம் இருக்காது. அதற்காகத்தான் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சிலிருந்து ஒரு கயிறு ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கு வருகிறது. அவர் வண்டியிலிருந்து விழுந்தால் கயிறு பிடுங்கப்படும், எஞ்சின் அணைந்துவிடும்.

அடுத்தது செயின். எவ்வளவு தொய்வு இருக்கிறது, இணைப்பு உறுதியாக இருக்கிறதா, மேலே மூடி இருக்கிறதா என்று பார்ப்பேன். முழு வலுவோடு கிளம்பும்போது அறுகிற செயின் சவுக்கு மாதிரி வீசும். பிறகு டயர், பிரேக், எண்ணெய்க் கசிவு. எண்ணெய் வடிக்கும் போல்ட் கழன்றுவிடாதபடி கம்பியால் கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு வண்டி எண்ணெய் சிந்தினால் அன்றைய நிகழ்ச்சியே நின்றுபோகும். உறிஞ்சும் தூளைக் கொட்டித் தேய்த்து, கூட்டி எடுத்து, பாதை காய்ந்த பிறகே அடுத்த ஜோடி கிளம்ப முடியும். கடைசியாக மனிதரைப் பார்ப்பேன்: ஹெல்மெட், தோல் உடை, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ். செருப்போடு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம்.

"தெருவில் தினமும் ஓட்டுகிற வண்டிதானே ஐயா" என்று கெஞ்சுவார்கள். பெற்றோரைக்கூட அழைத்து வந்து பேசச் சொன்னவர்கள் உண்டு. "இல்லை" என்று சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சோதனை முடிந்தால் ஒத்திகை ஓட்டங்கள், அதன் பிறகு போட்டி. கிளம்பும் இடத்துக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் தெளித்திருப்பார்கள். பந்தய டயர் போட்டவர்கள் அதில் பின்சக்கரத்தை நனைத்து, நின்ற இடத்திலேயே சுழலவிட்டுப் புகை கிளப்புவார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஓட்டுபவருக்கோ டயரின் மேற்புறத்தைச் சூடாக்கிப் பிடிப்பு ஏற்றுகிற காரியம். சாதாரணச் சாலை டயரோடு வந்தவர்கள் அந்தத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். டயரின் பள்ளங்களில் ஏறிய தண்ணீர் கிளம்பும் கோட்டில் வடிந்து, அவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் வழுக்கும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது இங்கேதான்.

கோட்டருகே நிற்கும் விளக்குக் கம்பத்துக்குக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர். 1963-ல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முன் ஒருவர் கொடியை வீசித்தான் தொடங்கி வைப்பார். வண்டியை மெல்ல நகர்த்தினால் முன்சக்கரம் ஓர் ஒளிக்கற்றையை மறைக்கும், மேலே சிறு விளக்கு எரியும். இன்னும் சில அங்குலம் நகர்ந்தால் இரண்டாவது கற்றை, இரண்டாவது விளக்கு. இருவரும் அப்படி நின்றதும் மஞ்சள் விளக்குகள் மூன்று, அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும். அப்புறம் பச்சை. முந்திக்கொண்டால் சிவப்பு, அதோடு தோல்வி. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் பிந்திவிட்டீர்கள் என்று பொருள். தேர்ந்தவர்கள் கடைசி மஞ்சளிலேயே கிளட்சை விடுவார்கள். கண் பார்த்து, கை அசைந்து, சக்கரம் உருளுவதற்குள் பச்சை வந்திருக்கும்.

ஒருவருடைய ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் பச்சை விழும்போது தொடங்குவதில்லை. அவருடைய முன்சக்கரம் அந்த இரண்டாவது கற்றையை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. ஆகவே ஒருவர் 12.00 விநாடியில் ஓடியும், 12.10 விநாடியில் ஓடியவரிடம் தோற்கலாம். முதலாமவர் பச்சைக்குப் பின் கால் விநாடி தயங்கினார், இரண்டாமவர் 0.05 விநாடியில் கிளம்பிவிட்டார். கூட்டிப் பாருங்கள், 12.25-க்கு எதிராக 12.15.

இப்போது நான் மனத்தில் வைத்திருப்பதைச் சொல்கிறேன். நம் பந்தயங்கள் எஞ்சின் கொள்ளளவை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் அதிகம் செலவழித்து வண்டியைச் செதுக்கியவரின் கை ஓங்கி நிற்கிறது. தாத்தாவின் ஆர்எக்ஸ் 100-ஐக் கழுவித் துடைத்து ஆசையோடு கொண்டுவருகிற பையன் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போகிறான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடக்கும் உள்ளூர்ப் பந்தயங்களில் வேறொரு முறை இருக்கிறது. ஒத்திகையில் ஓடிப் பார்த்துவிட்டு, "என் வண்டி இத்தனை விநாடி ஓடும்" என்று ஓட்டுபவரே எழுதி ஒட்டிக்கொள்கிறார். பதினேழு விநாடி என்று எழுதியவரும் பன்னிரண்டு என்று எழுதியவரும் மோதினால், மெதுவான வண்டிக்கு ஐந்து விநாடி முன்னதாகவே பச்சை விழும். இருவரும் பச்சைக்கு ஒரே மாதிரி கிளம்பி, எழுதியபடியே ஓடினால் கோட்டை ஒரே நேரத்தில் தொடுவார்கள். வேண்டுமென்றே கூட்டி எழுதி ஏமாற்ற முடியுமா என்றால், அதற்கும் தடை உண்டு. எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடினால் தோல்வி. இருவருமே அப்படி ஓடிவிட்டால், குறைவாக மீறியவருக்கு வெற்றி.

இந்த முறையில் பணத்துக்கு மதிப்புக் குறைகிறது. தன் வண்டியை எவ்வளவு அறிந்திருக்கிறார், ஒரே மாதிரி எத்தனை முறை ஓட்ட முடிகிறது, விளக்கைப் பார்க்கும்போது நெஞ்சு எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதெல்லாம் கணக்குக்கு வருகின்றன. இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உயிரைப் பணயம் வைக்கிற பிள்ளைகள் பலரிடம் இருப்பது பழைய வண்டியும் துடிப்பும்தான். அவர்கள் களத்துக்கு வந்தால் தோற்க மட்டுமே முடியும் என்ற நிலை இருக்கும்வரை அவர்கள் வரமாட்டார்கள். இதை நடத்துபவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

ஓட்டம் முடிந்த பிறகும் கவனம் வேண்டும். நிற்பதற்கு நீண்ட தூரம் ஒதுக்கியிருப்பார்கள். பக்கத்துப் பாதையைக் குறுக்கே வெட்டக் கூடாது, பாதையிலேயே திரும்பவே கூடாது. திரும்பும் வழியில் நிதானமாக வர வேண்டும். ஆம்புலன்ஸ் யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால், அது திரும்பி வரும்வரை ஒரு வண்டியும் கிளம்பாது.

சென்ற முறை மாலையில் ஒரு பையன் என்னிடம் ஓடிவந்தான். காலையில் செயின் தொய்வாக இருக்கிறதென்று நான் திருப்பி அனுப்பியவன். யாரிடமோ ஸ்பேனர் வாங்கிச் சரிசெய்து, மதியத்துக்கு மேல்தான் ஓடினான். அவன் நேரம் அச்சிட்ட சீட்டை நீட்டினான். முதல் அறுபது அடியை முந்தைய ஓட்டத்தைவிட விரைவாகக் கடந்திருந்தான். சீட்டு வியர்வையில் நனைந்திருந்தது.

"இன்னும் ஒருமுறை ஓட நேரம் இருக்கிறதா ஐயா?"

"வெளிச்சம் இருக்கிறது தம்பி. முதலில் அந்தச் செயினைக் காட்டு."

நன்றி. வணக்கம்.